சந்தனம் பூசிய ரோட்டரி டேபிள்

எலப்புள்ளியில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால், நிலக்கடலை மூட்டை அடுக்குவதற்காகக் கட்டிய பழைய கிடங்கு ஒன்று வரும். மழை பொய்த்துக் கடலை விளைச்சல் குறைந்து கிடங்கு சும்மா கிடந்த சமயத்தில், மாரப்பன் அதைக் கூட்டிப் பெருக்கி, தரைக்குச் சிமெண்டு போட்டு, நடுவில் தன் மில்லிங் மெஷினை நிறுத்தினான். எழுபத்தாறாம் வருஷம், சித்திரை மாதம். கோயமுத்தூரில் ஒரு பட்டறையைக் கலைத்தபோது கிடைத்த சின்ன மெஷின் அது. ஆள் நெஞ்சு உயரம்தான் இருக்கும். மாட்டு வண்டியில் வந்து இறங்கியபோது, இதை வைத்து என்ன அரைக்கப் போகிறாய் என்று ஊரில் பாதிப் பேர் கேட்டார்கள். மில் என்றால் அவர்களுக்கு மாவு மில்தான்.

அதற்கு முன்னால் அவன் பீளமேட்டில் ஒரு முதலாளியின் பட்டறையில் வேலை பார்த்தான். பதினெட்டு வயதில் போனவன். கல்யாணம் ஆன பிறகும் அங்கேதான், நான்கைந்து பேரோடு ஓர் அறையில். மாதம் ஒருமுறை ஊருக்கு வருவான். ஒரு தடவை வந்தபோது மகள் சுப்பாத்தாள், நான்கு வயதுக்காரி, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டி, "வாங்க" என்றாள். விருந்தாளிக்குச் சொல்வதைப் போல. அவன் குடித்துவிட்டுச் சொம்பைக் கொடுத்ததும், உள்ளே போய் அம்மாவிடம், "இவரு எப்பம்மா போவாரு?" என்று கேட்டது வாசல்வரை கேட்டது. மனைவி செல்லாத்தாள் குழந்தையின் வாயைப் பொத்தினாள். மாரப்பன் சிரித்தான். திரும்பிப் போகிற பஸ்ஸில் சிரிக்கவில்லை.

அன்றைக்கு முடிவு செய்ததுதான். சொந்த மெஷின், சொந்த ஊர், பொழுதோடு வீட்டுக்குப் போய்ச் சூடாக ஒரு வாய்ச் சோறு. அவன் கேட்டது அவ்வளவுதான். ஆனால் எலப்புள்ளியில் யாருக்கு மில்லிங் வேலை வேண்டும்? ஆயில் எஞ்சினின் தண்டில் சாவி உட்காரும் பள்ளமான சாவிக்காடி வெட்டுவது, கரும்பு ஆலையின் தண்டைத் தட்டையாக்குவது என்று எப்போதாவது ஒன்று வரும். மற்ற நாட்களில் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பான். அவன் நம்பியிருந்தது பக்கத்திலுள்ள கஞ்சிக்கோடு என்ற ஊரை. அங்கே புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. அவற்றில் வால்வு செய்கிற கம்பெனி ஒன்றின் வாசலில் நடையாய் நடந்து, கடைசியில் ஃபோர்மேன் சங்குண்ணி நாயரைப் பார்த்துவிட்டான்.

நாயர் பாலக்காட்டுக்காரர். தமிழையும் மலையாளத்தையும் ஒரே பாத்திரத்தில் கிண்டிப் பேசுவார். ஒரு வட்டத் தகட்டையும் படத்தையும் மேசைமேல் வைத்து, "இது நோக்கு மாரப்பா. இந்த விளிம்போட ஒரு காடி வெட்டணும். கிட்டத்தட்ட முழு வட்டம். ஒரு கட்டைவிரல் அகலம் மாத்திரம் மிச்சம் விடணும். ஒரு பின்னை, இந்தச் சின்ன இரும்புக் குச்சியை, உள்ளே போட்டா இந்த முனையிலிருந்து அந்த அற்றம் வரைக்கும் எங்கயும் தடுக்காம ஓடணும். தடுத்துன்னா வால்வு பாதியில நின்னு போகும். செய்ய முடியுமா?" என்றார்.

"முடியுமுங்க சார்."

"ஒண்ணு செய்து கொண்டுவா. பாஸாச்சுன்னா மாசாமாசம் இந்த வேலை உனக்குத்தான். பட்டறை நிக்கும். இல்லேன்னா பீளமேடு உண்டல்லோ."

சாதாரணமாகத்தான் சொன்னார். பீளமேடு என்ற பெயர் கேட்டதும் மாரப்பன் தகட்டையும் படத்தையும் வாரிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மில்லிங் மெஷின் நேராகத்தான் வெட்டும். முன்னால், பின்னால், இடம், வலம், அவ்வளவுதான். வளைவாக வெட்ட வேண்டுமானால் அதன் பலகைமேல் ரோட்டரி டேபிள் ஒன்றை ஏற்ற வேண்டும். வட்டமான இரும்பு மேசை. அதன் வயிற்றுக்குள் ஒரு வெண்கலப் பல்சக்கரம், அதோடு சேர்ந்து ஓடும் ஒரு திருகு. பக்கத்திலுள்ள கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் மேலே மேசை கொஞ்சமே கொஞ்சம் திரும்பும். வெட்ட வேண்டிய இரும்பை அதன்மேல் கட்டிவிட்டு, மெஷினின் சுழலும் வெட்டுமுனையான கட்டரை இறக்கி, கைப்பிடியை நிதானமாகச் சுற்றினால் காடி வில்லாக வளைந்து வரும்.

ரோட்டரி டேபிளைத் தேர்ந்தெடுப்பதில் மாரப்பன் காட்டிய கவனத்தைப் பெண் பார்ப்பதில்கூடக் காட்டியதில்லை. முதலில் வேப்பங்குச்சி ஒன்றைச் சீவி, மெஷினின் பலகையிலிருந்து மேலே கட்டர் பிடிக்கிற முனைவரை எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து வெட்டினான். அதில் கட்டர் இவ்வளவு, தகடு இவ்வளவு, தகட்டுக்கு அடியில் கொடுக்கும் அண்டைக் கட்டை இவ்வளவு என்று கத்தியால் கீறினான். மிச்சம் நான்கு அங்குலம். டேபிளின் உயரம் அதற்குள் அடங்க வேண்டும். பத்து அங்குல விட்டமுள்ள டேபிள் பார்க்க அழகு, பிடிக்கவும் நன்றாக இடம் கொடுக்கும். ஆனால் உயரம் அதிகம், அதை ஏற்றினால் கட்டருக்கு மூச்சு விட இடமிருக்காது. ஆறு அங்குலமோ தகட்டைவிடச் சிறிது. விளிம்பு வெளியே தொங்கும், கட்டர் பட்டதும் தகரம்போல அதிரும். எட்டு அங்குலம்தான் தோது. குச்சியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கோயமுத்தூர்க் கடைகளை எல்லாம் சுற்றினான். புதிதுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். பழையதில் எட்டு அங்குலம் கிடைக்கவில்லை.

புரட்டாசி நடுவில் பொள்ளாச்சியிலிருந்து பஸ் கண்டக்டர் ஒருவர் மூலம் தகவல் வந்தது. பழைய மெஷின் சாமான் விற்கும் அழகுமலையிடம் எட்டு அங்குலச் சீமை டேபிள் ஒன்று இருக்கிறது, உடுமலைக்காரர் ஒருவர் விஜயதசமியன்று வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், வேண்டுமானால் அதற்குள் வரவும் என்று.

அதற்குள் என்றால் ஆயுத பூஜை நாள்தான் இருந்தது.

மாரப்பனின் வீட்டில் பூஜைக் கட்டுப்பாடு மற்ற வீடுகளைவிடக் கொஞ்சம் அதிகம். அவன் சிறுவனாக இருந்தபோது, கிணற்றடியில் சந்தனம் பூசிப் பூஜையில் வைத்திருந்த ஆயில் எஞ்சினை அவன் அப்பா, பயிர் காய்கிறதே என்று அன்றைக்கே ஓட்டப் போனார். ஹேண்டில் எகிறி மணிக்கட்டில் அடித்தது. அந்தக் கையால் அதற்குப் பிறகு அவர் மண்வெட்டி பிடிக்கவில்லை. பூஜையில் வைத்த இரும்பு மறுநாள் மறுபூஜை வரைக்கும் ஓடக் கூடாது என்பது அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் பேசித் தீர்மானிக்க வேண்டாத விஷயமாகிவிட்டது.

பொள்ளாச்சியில் அவன் போய் இறங்கியபோது அழகுமலையின் கடையில் வாழைக்கன்று கட்டியிருந்தது. பொரியும் கடலையும் தட்டில் இருந்தன. கடைக்குள் கிடந்த லேத் தலைகள், வைஸ்கள், மோட்டார்கள் எல்லாவற்றுக்கும் நெற்றியில் பொட்டு வைத்ததுபோலச் சந்தனமும் குங்குமமும். நடுவில் ஒரு மணைப் பலகைமேல் எட்டு அங்குல ரோட்டரி டேபிள். அதன் நடுத்துளையில் ஓர் எலுமிச்சம்பழம்.

"வாங்க வாங்க. எலப்புள்ளிங்களா?" என்றார் அழகுமலை. வெற்றிலை போட்ட வாய், நல்ல மனிதர். "கண்ணாரப் பாருங்க. தொட்டும் பாருங்க. கைப்பிடியை மட்டும் சுத்தீராதீங்க. சாமிகிட்ட இருக்குது."

"தெரியாதுங்களா" என்றான் மாரப்பன். அவன் ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டித்தான் நின்றான்.

குச்சியை எடுத்து உயரம் பார்த்தான். நான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் உள்ளேயே இருந்தது. மேசையின் முகத்தைத் தடவினான். கைச்சுத்தம் இல்லாதவர்கள் பயன்படுத்திய டேபிளில் டிரில் இறங்கிய குழிகள் இருக்கும். இதில் ஒன்றுகூட இல்லை. டிகிரிக் கோடுகள் நேற்றுப் போட்டவைபோல இருந்தன. போல்ட் போடும் காடிகளின் உதடுகள் உடையவில்லை. விளிம்பைப் பிடித்து மெதுவாக அழுத்தினான். பூட்டுத் திருகு போட்டிருந்ததால் கல்லாக நின்றது.

வேறு எந்த நாளாக இருந்தாலும் பூட்டைத் தளர்த்தி முழுச் சுற்றுச் சுற்றியிருப்பான். சுற்றச் சுற்ற நிறுத்தி, விளிம்பைக் கையால் ஆட்டி, எங்காவது லொடலொடக்கிறதா என்று காது வைத்துக் கேட்டிருப்பான். பீளமேட்டில் மற்றவர்கள் ஏதாவது வாங்கப் போனாலும் அவனைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள், இந்தக் காதுக்காகவே.

"நாளைக்கு மறுபூஜை ஆனதும் சுத்திப் பாத்துட்டு எடுத்துக்கறனுங்களே" என்று கேட்டுப் பார்த்தான்.

"தாராளமா. ஆனா உடுமலைக்காரரு வெடியாலயே வந்துருவாரு. முன்ன வந்தவருக்குத்தான் நானும் குடுக்கோணும். நீங்களே சொல்லுங்க." பிறகு, "பூஜையில இருந்தத அப்படியே தூக்கிட்டுப் போயி உங்க பட்டறையில மறுபூஜை போடுங்க. இதவிட என்ன யோகம் வேணும்?" என்றார்.

அது மாரப்பனுக்கும் சரியாகத்தான் பட்டது. எலுமிச்சம்பழத்தோடு சாக்கில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தான்.

கோபாலபுரம் செக்போஸ்டில் பஸ் நின்றது. உள்ளே ஏறிய சிப்பந்தி சாக்கைத் தடியால் தட்டினார்.

"எந்தா இதில்?"

"ரோட்டரி டேபிளுங்க சார்."

"டேபிளோ? இந்தச் சாக்கினுள்ளிலோ?" அவிழ்த்துப் பார்த்தவர், சந்தனத்தையும் குங்குமத்தையும் கண்டு ஒரு அடி பின்னால் போனார். "ஐயோ, விக்ரகமாணோ? ஏது கோவில்லேருந்து எடுத்தது?"

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. "விக்ரகமில்லீங்க, மெஷின் சாமானுங்க. இதா, பில்லு இருக்குது."

"மெஷினெங்கில் ஒண்ணு சுத்திக் காட்டு."

மாரப்பனின் கை கைப்பிடிவரை போனது. போய், நின்றுவிட்டது. "பூஜையில இருந்ததுங்க. நாளைக்குத்தானுங்க சுத்தோணும்."

"நல்லா இருக்குது போ" என்றார் பின் சீட்டுக் கிழவர் ஒருவர். "சாமியே ஆனாலும் பஸ்ஸ நிறுத்தி வெச்சா எப்படிங்க? உட்டுருங்க சார். திருடுனவன் பில்லு வாங்கிட்டா வருவான்?"

சிப்பந்தி பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தானாகவே சாக்கை மூடினார். "என்டெ வீட்டிலும் பூஜ வெச்சிருக்கு. பிள்ளேரு ரெண்டு நாளாயிட்டு புஸ்தகம் தொட்டிட்டில்லா. போ, போ."

மறுநாள் பட்டறையில் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பூட்டைத் தளர்த்தி மாரப்பன் கைப்பிடியைச் சுற்றினான். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலச் சுற்றியது. ஓர் இடத்தில் கை இன்னும் லேசானது. எண்ணெய் அங்கே நன்றாக இறங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். நல்ல நாள், நல்ல சாமான், விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பார்க்க அன்றைக்கு யாருக்கும் தோன்றாது.

டேபிளை மெஷின்மேல் ஏற்றினான். கட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வளைந்த கம்பியைப் பிடித்து, மெஷினைக் கையால் சுற்றி, கம்பியின் நுனி டேபிளின் நடுத்துளை விளிம்பை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உரசும்வரை நகர்த்தி நகர்த்தி நடுவைப் பிடித்தான். அதற்கே பாதிப் பொழுது போனது. நடு தப்பினால் காடி முட்டையாகிவிடும். பிறகு கம்பெனித் தகட்டைக் கட்டி, கட்டரை இறக்கி, சுற்ற ஆரம்பித்தான்.

கால் வட்டம், அரை வட்டம் அழகாக வந்தது. பார்க்க வந்திருந்த அக்கா வள்ளியாத்தாள் வாய்விட்டே சொன்னாள்: "கம்பி மத்தாப்பு மாதிரி வருதுடா மாரா." அதே ஊரில் வாக்கப்பட்டவள். தம்பி எதைச் செய்தாலும் பார்க்க வந்துவிடுவாள்.

அரை வட்டம் தாண்டியதும் டேபிள் ஒரு துள்ளுத் துள்ளியது. கட்டர் தகட்டைக் கடித்து இழுத்து, விட்டு, மறுபடி கடித்தது. மாரப்பன் மோட்டாரை நிறுத்துவதற்குள் காடியின் சுவர் நாய் கடித்த கரும்புபோல ஆகிவிட்டது.

கட்டரைத் தூக்கிவிட்டு, டேபிளின் விளிம்பைப் பிடித்து ஆட்டினான். டொக், டொக். கைப்பிடியைச் சுற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோய் ஆட்டினான். ஆடவில்லை. மறுபடி அந்த இடத்துக்கு வந்தான். டொக். சாக்பீஸ் எடுத்து, ஆடுகிற இடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு போட்டான். சரியாகக் கால் வட்டம். யாரோ ஒருவன் எத்தனையோ வருஷம் ஒரே வேலையை, அந்தக் கால் வட்டத்திலேயே முன்னும் பின்னும் சுற்றிச் சுற்றிச் செய்திருக்கிறான். வெண்கலப் பற்கள் அங்கே மட்டும் தேய்ந்து ஊசியாகிவிட்டன. மற்ற முக்கால் வட்டமும் புதுசு.

"சாமியாடுதாடா?" என்றாள் வள்ளியாத்தாள். அவனுடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

அடுத்த நாளே பொள்ளாச்சிக்குத் தூக்கிக்கொண்டு போனான். அழகுமலை ஆட்டிப் பார்த்தார். டொக் சத்தத்தைக் கேட்டார். நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"என்ற கொழந்தைக மேல ஆணையா எனக்குத் தெரியாதுங்க. வந்து எறங்குன மறுநாளே பூஜை. தொடச்சு, பொட்டு வெச்சு, மணையில ஏத்திட்டேன். நானும் ஒரு சுத்துக் கூடச் சுத்தலீங்க."

"அப்பத் திருப்பி எடுத்துக்குங்க."

"அதுதானுங்களே முடியாது." அவர் குரல் இறங்கிவிட்டது. "பூஜையில வெச்சுக் குடுத்தத மறுபடி கடைக்குள்ள ஏத்துனா கடைக்கு ஆகாதுங்க. நீங்களே உங்க ஊட்டுல அப்படி வாங்குவீங்களா?"

மாரப்பன் டேபிளை மறுபடி சாக்கில் சுற்றினான். வாங்க மாட்டான்தான். கிளம்பும்போது, "உடுமலைக்காரரு வந்தாருங்களா?" என்று கேட்டான்.

"எங்கீங்க. ஆளே வல்லீங்க."

பல்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு கோயமுத்தூரில் பல்வெட்டும் பட்டறைகளுக்குப் போனான். புதிதாக வெட்டித் தரலாம், ஆனால் இந்தச் சீமைத் திருகுக்குப் பொருந்துகிற கட்டர் இங்கே யாரிடமும் இல்லை என்றார்கள். ஒருவர் மட்டும் முயன்று பார்ப்பதாகச் சொன்னார், எப்போது என்று சொல்லவில்லை. மாரப்பன் சக்கரத்தைத் திருப்பி மாட்டினான். சங்குண்ணி நாயரிடம் போய், கெட்டுப்போன தகட்டை வைத்தான். நாயர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வேறொரு தகட்டை எடுத்துக் கொடுத்து, "இதோடெ கழிஞ்சு, கேட்டோ. இதுவும் போச்சுன்னா வேற தகடு தர மாட்டேன்" என்றார்.

வீட்டில் செல்லாத்தாள் சோறு போட்டாள். ரசம் ஊற்றும்போது, "ஏனுங்க, பீளமேட்டு மொதலாளி ஆள் தாட்டி உட்டிருந்தாரு. எடம் காலியாத்தான் இருக்குதாமா" என்றாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல ரசச் சட்டியைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

கிடங்கின் வாசலில் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவனுக்கு ஒன்று தோன்றியது. வெறும் வண்டி போகும்போது நுகத்தடி லொடலொடவென்று அடித்துக்கொண்டே போகிறது. பாரம் ஏற்றிய வண்டி மேடேறும்போது அந்தச் சத்தமே இல்லை. பின்னாலிருந்து ஒன்று விடாமல் இழுத்துக்கொண்டிருந்தால் ஆட்டத்துக்கு வழியில்லை.

எழுந்து ஓடினான். டேபிளின் விளிம்பைச் சுற்றி ஒரு கயிற்றைக் கட்டி, அதை மெஷினின் ஓரத்தில் பொருத்திய சின்னக் கப்பி வழியாகக் கீழே விட்டு, நுனியில் கனமாக எதையாவது தொங்கவிட வேண்டும். அக்கா வீட்டில் கடலை நிறுக்கும் படிக்கல் இருந்தது.

"அஞ்சு கிலோவா, ரெண்டு கிலோவா?" என்றாள் வள்ளியாத்தாள்.

"அஞ்சு."

"எடுத்துட்டுப் போ. கடலைதான் இல்லியே, கல்லாவது சோலி பாக்கட்டும்."

கல் தொங்கியதும், தேய்ந்த பற்கள் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. சாக்பீஸ் கோட்டுக்குள் கொண்டுபோய் ஆட்டினான். ஆடவில்லை. பழைய இரும்புத் துண்டில் வெட்டிப் பார்த்தான். துள்ளவில்லை. பிறகு நாயரின் தகட்டைக் கட்டினான். மயிரிழை மயிரிழையாக ஆழம் கொடுத்து, கல் தரையிலிருந்து ஏறி ஏறி வர, காலையில் தொடங்கிய காடி பொழுது சாய்வதற்குள் முடிந்தது. முடிந்த தகட்டைச் செங்குத்தாகப் பிடித்து, காடிக்குள் பின்னைப் போட்டுச் சுற்றினால், அந்தப் பின் தன் கனத்திலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடி வந்தது. அக்கா அதை வாங்கி வாங்கிச் சுற்றினாள். அவள் கையிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது.

கஞ்சிக்கோட்டில் நாயர் மூன்று தடவை பின்னை ஓட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நான்காவது தடவை ஓட்டினார். "கொள்ளாம்" என்றார். "கொள்ளாம், நல்லா இருக்கு மாரப்பா. இதுபோலத் தன்னெ எல்லாம் வரணும்." ஒரு பெட்டி நிறையத் தகடுகளைக் கொடுத்தனுப்பினார். கார்த்திகைக்குள் வேண்டும் என்றார்.

அந்தப் பெட்டியோடு வீடு போன நாளும், அடுத்த சில நாட்களும் மாரப்பனுக்கு நல்ல நாட்களாக இருந்தன. அதற்குமேல் இல்லை.

நான்காவது தகட்டில், சாக்பீஸ் கோட்டுக்குள் நுழைந்து பாதி தூரம் போனதும், டேபிளின் வயிற்றுக்குள் வேர்க்கடலை நொறுங்குவதுபோல ஒரு சத்தம். படிக்கல் கடகடவென்று இறங்கித் தரையில் மோதியது. டேபிள் தானாகச் சுற்றி வந்து கட்டரில் அடித்து, கட்டர் இரண்டாக முறிந்தது. கைப்பிடியைச் சுற்றினான். கைப்பிடி சுற்றியது. டேபிள் நின்ற இடத்திலேயே நின்றது.

கழற்றிப் பார்க்காமலே தெரிந்தது. ஆட்டம் போக வேண்டும் என்று அவன் தொங்கவிட்ட பாரம் முழுவதையும் அந்த ஊசிப் பற்கள்தான் தாங்கியிருக்கின்றன. கட்டரின் தள்ளலும் சேர்ந்துகொண்டது. கழற்றியபோது அடியில் எண்ணெயோடு வெண்கலப் பற்கள் நெல் உமிபோலக் கிடந்தன.

அப்படியும் அவன் விடவில்லை. பல் போன இடத்தைத் தவிர்த்து, மீதி முக்கால் வட்டத்தில் காடியின் பெரும்பகுதியை வெட்டி, தகட்டைக் கழற்றித் திருப்பிக் கட்டி, மிச்சத்தை வெட்டினான். நடுவை எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும், இரண்டு வெட்டும் சேரும் இடத்தில் நகத்தால் தடவினால் தெரிகிற ஒரு படி விழுந்தது. இரும்புப் பின் அங்கே வந்து நின்றது. அரத்தால் ராவினான். அகலமாகிப் போனது. இன்னொன்று செய்தான். அதுவும் அங்கேயே நின்றது. வெட்டாத தகடுகள் பெட்டியில் குறையக் குறைய அவனுக்குப் பயம் வந்தது. இன்னும் எத்தனையைக் கெடுப்பது? நிறுத்திவிட்டான்.

"வேற டேபிள் வாங்கிக்கலாம்டா. கண்ட்ராவி, ஒரு மேசைதானே" என்றாள் வள்ளியாத்தாள்.

"எதை வித்து வாங்கறது அக்கா?"

அவள் கீழே கிடந்த படிக்கல்லை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

வெட்டாத தகடுகளைத் துணியால் துடைத்து, பெட்டியில் அடுக்கி, அவற்றோடு நன்றாக வந்த மூன்றையும் கெட்டவற்றையும் சேர்த்து வைத்துக் கஞ்சிக்கோட்டுக்குக் கொண்டுபோனான். நாயர் அவன் சொன்னதை எல்லாம் கேட்டார். பூஜை, செக்போஸ்ட், படிக்கல் எல்லாம். அவர் சிரிக்கவில்லை. நடுவில் ஒரு தடவை மட்டும், "அந்தச் செக்போஸ்ட் சாருடெ முன்னில் ஒரு சுத்து சுத்தியிருந்தா போதுமாயிருந்து" என்றார். சொன்னவுடன் அவரே தலையாட்டிக்கொண்டார். தான் அந்த பஸ்ஸில் இருந்திருந்தாலும் சுற்றியிருக்க மாட்டேன் என்பதுபோல.

"வேற ஆளைப் பாக்கறோம் மாரப்பா. வேற வழியில்லே. கார்த்திகை வந்தாச்சு."

"சரிங்க சார்." மேசைமேல் இருந்த, அன்றைக்குப் பாஸான தகடு அவன் கண்ணில் பட்டது. "அந்த ஒண்ண நான் எடுத்துட்டுப் போகட்டுங்களா? அது மாதிரிக்கு வெட்டுனதுதானுங்களே."

"அது பற்றில்லா, முடியாது." நாயர் அதை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "இனி யார் செய்துகொண்டு வந்தாலும் இதோட வெச்சு நோக்கித்தான் பாஸ் பண்ணணும். அந்த மூணும் வால்வுல போயிரும், இதுபோல ஓடணும்னு அவங்களுக்குக் காட்ட இது மாத்திரமல்லோ எங்கிட்ட மிச்சம்."

மாரப்பன் பின்னைக் கேட்டு வாங்கி, காடிக்குள் போட்டு, ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான். பிறகு இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

அடுத்த திங்கட்கிழமை செல்லாத்தாள் விளக்குப் போட்டுச் சோறு கட்டினாள். சுப்பாத்தாள் இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பீளமேட்டு வேலைக்காக, வாளையார் வழியாகக் கோயமுத்தூர் போகும் முதல் பஸ்ஸுக்கு மாரப்பன் நடந்தான். கிடங்கின் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவோமா என்று நினைத்தான். பஸ் வந்துவிட்டது.